கோட்டைக்குள் பெண்கள்: ரோமானியப் படைமுகாம்கள் தரும் சான்றுகளும் நம் லைன் வீடுகளும்

மலர்க்குழு அன்பர்கள் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் ஏதாவது ஒரு கல்வெட்டைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு மூதாட்டி வந்து என் எண்ணத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

அடியேன் மளிகை வியாபாரி. என் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்திலிருந்து தங்கவயலுக்கு வந்து, ஸ்கெலட்டனில் கடை வைத்தவர். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததுதான் என் படிப்பு. ஆகவே பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் அந்த மூதாட்டி கடைக்கு வந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். சுரங்கத்தில் வேலை பார்த்த கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. "நயினாரே, நான் இந்த லைன்ல குடியிருந்தேன்னு காட்ட எதுனா காகிதம் கொண்டாரச் சொல்றாங்க. எங்கிட்ட இருக்கறதெல்லாம் அவரு பேருலதான் இருக்குது. உங்கப்பாரு கடன் நோட்டுல எம்பேரு இருக்குதான்னு பாருங்க" என்றார்.

பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கி இரண்டு ராத்திரி புரட்டினேன். என்ன கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். புரட்டும்போது என் மனசில் ஓடியது, அப்போது நான் படித்துக்கொண்டிருந்த இன்னொரு விஷயம். ரோமானியப் பேரரசின் படைக்கோட்டைகளில் பெண்கள் இருந்தார்களா, இருந்தால் எப்படி வாழ்ந்தார்கள் என்று அகழாய்வாளர்கள் தேடிய கதை அது. அங்கேயும் இதே சிக்கல்தான். காகிதமெல்லாம் ஆண் பேரில்.

சட்டம் சொன்னது

ரோமானியப் படையில் சாதாரணச் சிப்பாய் பணியில் இருக்கும்வரை சட்டப்படி திருமணம் செய்துகொள்ள முடியாது. அகஸ்டஸ் காலத்தில் ஏற்பட்டதாகக் கருதப்படும் இந்தத் தடையை, கி.பி. 197இல் செப்டிமியஸ் செவெரஸ் என்ற பேரரசர்தான் தளர்த்தினார். துணைப்படைகளில் பணிக்காலம் 25 ஆண்டுகள். இருபது வயதில் சேர்ந்தவன் நாற்பத்தைந்து வயதில்தான் வெளியே வருவான். கோட்டைத் தலைவன், நூற்றுவர் தலைவன் போன்ற பெரிய பதவிக்காரர்களுக்கு மட்டும் குடும்பம் வைத்துக்கொள்ள இடம் உண்டு.

ஆனால் அரசாங்கமே இதை முழுசாக நம்பவில்லை. பணி முடித்த துணைப்படை வீரனுக்கு வெண்கலத் தகட்டில் ஒரு சான்று கொடுப்பார்கள். அதில் குடியுரிமை தருவதோடு, அவன் ஏற்கெனவே சேர்ந்து வாழும் பெண்ணை மனைவியாக ஏற்பதாகவும் எழுதியிருக்கும். இல்லாத மனைவியை ஏற்பது எப்படி? கி.பி. 119இல் ஹாட்ரியன் என்ற பேரரசர், பணியில் இருந்தபோது சிப்பாய்க்குப் பிறந்த பிள்ளைகளும் தகப்பன் சொத்தைக் கேட்கலாம் என்று ஆணையிட்டார். ஆக, பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

இருந்தும் ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலம் வரை, பெண்கள் கோட்டை வாசலுக்கு வெளியே இருந்த கடைத்தெருக் குடியிருப்பில் மட்டும்தான் வசித்தார்கள், மதிலுக்குள்ளே ஆண்கள்தான் என்றே எழுதிவந்தார்கள். அதை மாற்றியது மண்ணுக்குள்ளிருந்து வந்த செருப்பு.

சேற்றில் கிடைத்த செருப்புகள்

இங்கிலாந்தின் வட கோடியில் ஹாட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே விண்டோலாண்டா என்றொரு கோட்டை உண்டு. முதலில் மரத்தால் கட்டினார்கள். ஒரு படை போய் இன்னொரு படை வரும்போது, பழைய கட்டடத்தை இடித்து, அதன்மேல் களிமண்ணும் புல்கட்டியும் பரப்பிப் புதுசாகக் கட்டுவார்கள். கீழே அகப்பட்டது காற்றுப் படாமல் ஈரத்திலேயே கிடந்ததால், தோலும் மரமும் மக்கவில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் 4,000க்கு மேற்பட்ட தோல் காலணிகள் கிடைத்திருக்கின்றன.

பழந்தோலை ஆராயும் வான் டிரீல் மரே என்ற அம்மையார் இவற்றின் அடித்தோலை அளந்து பார்த்தார். பெரிய அளவுகளோடு சின்ன அளவுகளும் வந்தன. கைக்குழந்தையின் காலுக்கு மட்டுமே பொருந்தக்கூடியவையும் இருந்தன. தலைவன் வீட்டில் இப்படிக் கிடைத்தால் வியப்பில்லை. ஆனால் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சிப்பாய்களின் பாரக்ஸ் அறைகளிலும் பெண்கள், பிள்ளைகள் அளவுக் காலணிகள் கிடைத்தன. தடை தளர்வதற்கு ஏறக்குறைய எண்பது, தொண்ணூறு வருஷம் முந்தைய கதை இது.

இதில் எச்சரிக்கையும் வேண்டும். சின்னச் செருப்பு வளரும் பையனுடையதாகவும் இருக்கலாம். அதேபோல் ஊசி கிடைத்தால் பெண் இருந்தாள் என்று சொல்லிவிட முடியாது. சிப்பாயும் தன் கிழிசலைத் தானேதான் தைத்தான். மணிகூட ஆண் கழுத்தில் கிடந்திருக்கலாம். நம்ம லைன்களில் தனிக்கட்டையாக வந்த ஆண்கள் நாலைந்து பேர் சேர்ந்து பொங்கித் தின்ற வீட்டிலும் அம்மிக்கல் இருந்ததே! ஆகவே ஒரு பொருளை வைத்து முடிவு கட்டக்கூடாது. கொண்டை ஊசி, தக்களி வில்லை, வளையல், குழந்தைச் செருப்பு எல்லாம் ஒரே அறைப் பக்கம் சேர்ந்து கிடக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பெனிலோப்பி அலிசன் என்ற அறிஞர் ஜெர்மனி நாட்டுக் கோட்டைகளின் பொருள்களை இடம் இடமாகக் குறித்து ஆராய்ந்தது இந்த முறையில்தான். மதிலுக்கு உள்ளேயும் பெண்கள் வாழ்ந்து வேலை செய்தார்கள் என்பதே அவர் கண்ட முடிவு.

ஒரு பிறந்தநாள் அழைப்பு

அதே விண்டோலாண்டாவில் 1973 முதல், மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்து வருகின்றன. நம் ஓலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அஞ்சலட்டை அளவுதான் இருக்கும். சுமார் கி.பி. 100ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கடிதத்தில், கிளாடியா செவெரா என்ற பெண்மணி, விண்டோலாண்டாத் தலைவன் செரியாலிஸின் மனைவி சுல்பீசியா லெபிடினாவுக்கு அழைப்பு அனுப்புகிறாள். செப்டம்பர் 11 தன் பிறந்தநாள், நீ வந்தால்தான் அந்த நாள் எனக்குச் சிறக்கும் என்பது சாரம். கடிதத்தை எழுத்தர் ஒருவர் அழகாக எழுதியிருக்கிறார். கடைசியில் மட்டும் வேறு கையெழுத்து, கொஞ்சம் கோணல்மாணலாக. அது செவெராவே எழுதியது. லெபிடினாவை உடன்பிறந்தவளாகப் பாவித்து அன்பு சொல்கிறாள். லத்தீன் மொழியில் ஒரு பெண் தன் கைப்பட எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது. என் பேரன் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டியபோது எழுத்துப் புரியவில்லை. ஆனால் எந்த இடத்தில் கை மாறுகிறது என்பது எனக்கே தெரிந்தது.

இவள் தலைவன் வீட்டுப் பெண். பேர் தெரிகிறது, கையெழுத்து தெரிகிறது. பாரக்ஸில் செருப்பை விட்டுப் போனவளின் பேரோ தெரியவில்லை.

ஒரு கல்லறை

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சவுத் ஷீல்ட்ஸ் என்ற ஊரில் இன்னொரு கோட்டை. அங்கே 1878இல் ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. ரெஜினா என்ற பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நூல் நூற்கும் கோலும் தக்களியும், ஒரு பக்கம் கம்பளி உருண்டைகள் வைத்த கூடை, மறுபக்கம் நகைப்பெட்டி. அவள் இங்கிலாந்தின் தென்பகுதிக் குலத்தைச் சேர்ந்தவள், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள், முப்பது வயதில் இறந்தாள். கல்லை நட்டவன் அவள் கணவன் பராட்டஸ். அவன் சிரியா நாட்டுப் பல்மைரா நகரத்தான்.

கல்லில் லத்தீன் வாசகத்துக்குக் கீழே பல்மைரா எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அவள் பேரைச் சொல்லி 'ஐயோ' என்று முடியும் வரி. ஊருக்குத் தெரியவேண்டிய விவரத்தை ஆட்சிமொழியில் வெட்டிவிட்டு, துக்கத்தை மட்டும் தாய்மொழியில் எழுதியிருக்கிறான். பிறமொழி மாநிலத்தில் மூன்று தலைமுறையாக வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மிளகு போன பாதையில்

பல்மைரா வணிகர்கள் எகிப்திலும் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். நைல் நதிக்கரையில் கோப்டோஸ் என்ற ஊர். அங்கிருந்து பாலைவனம் தாண்டிச் செங்கடல் துறைமுகங்களான பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸ் இரண்டுக்கும் பாதைகள் சென்றன. முசிறியில் ஏற்றிய மிளகு அந்தத் துறைமுகங்களில் இறங்கி, ஒட்டகத்தில் ஏறிக் கோப்டோஸுக்கு வரும். பெரெனிகேயில் இந்தியாவில் செய்த ஒரு பெரிய சாடியில் 7.55 கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. மியோஸ் ஹோர்மோஸ் என்று கருதப்படும் குசேர் அல் காதிமில் 'கணன்', 'சாதன்' என்று தமிழ் பிராமியில் பேர் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. 1995இல் பெரெனிகேயிலும் ஒரு தமிழ் பிராமி ஓடு கிடைத்தது. நம்மாட்கள் கால் வைத்த மண் அது.

அந்தப் பாதைகளில் நடுநடுவே கிணற்றோடு கூடிய சிறு கோட்டைகளைக் கட்டிச் சிப்பாய்களை வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஈரம் பாதுகாத்ததை இங்கே வறட்சி பாதுகாத்தது.

கோப்டோஸில் கிடைத்த கி.பி. 90ஆம் ஆண்டுக் கல் ஒன்றில் சுங்கப் பட்டியல் இருக்கிறது. வியாபாரி என்ற முறையில் நான் மிகவும் ரசித்துப் படித்த கல்வெட்டு இதுதான். பாலைவனப் பாதையில் போக மாலுமிக்கு 5 திராக்மா, கைவினைஞனுக்கு 8. சிப்பாயின் பெண்ணுக்கு 20. விலைமாதருக்கு 108. கப்பலின் பாய்மரத்துக்கும் 20 என்று போட்டிருக்கிறான்! அந்தக் கிரேக்கச் சொல், நம் 'பெண்டு' மாதிரி, பெண் என்றும் மனைவி என்றும் இரண்டு பொருளும் தரும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எப்போதோ ஒருத்தி வந்தால் அதற்கென்று தனி விகிதம் போட்டுக் கல்லில் வெட்டமாட்டான். சிப்பாய்களின் பெண்கள் அந்த வழியில் வழக்கமாகப் போய்வந்தார்கள் என்றுதான் அர்த்தம். சிப்பாய்க்கு மனைவி கிடையாது என்று சட்டம் சொல்கிறது. சிப்பாயின் மனைவிக்கு 20 திராக்மா கட்டு என்று அதே அரசாங்கத்தின் சுங்கச்சாவடி சொல்கிறது. எனக்குக் கணக்குப் புத்தகத்தின்மேல்தான் நம்பிக்கை.

108 திராக்மாவுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையும் தெரியவந்திருக்கிறது. குரோகோடிலோ என்ற பாலைவனக் கோட்டையின் குப்பையில், மையால் எழுதிய ஓடுகளைப் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் எடுத்தார்கள். அவற்றில் பிலோக்ளீஸ் என்ற வியாபாரியின் கடிதங்கள் இருக்கின்றன. கோட்டைகளுக்குக் காய்கறி அனுப்புகிற அதே ஆள், பெண்களையும் மாத வாடகைக்குக் கோட்டை விட்டுக் கோட்டை அனுப்புகிறான். நானும் வியாபாரிதான். ஒரே கையால் கீரையையும் பெண்ணையும் கணக்கு எழுதியிருப்பதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எழுதி வைக்க அங்கே யாரும் இல்லை.

வேறு விதமான ஓடும் உண்டு. பெரெனிகேயில் கிடைத்த முதல் நூற்றாண்டு ஓடு ஒன்றில் ஹிகானே என்ற தாய் தன் மகனுக்கு எழுதுகிறாள். பத்து மாதம் சுமந்து மூன்று வருஷம் பால் கொடுத்தது, ஒரு கடிதம்கூடப் போடாமல் என்னை மறக்கத்தானா என்று கேட்கிறாள். நம் தாய்மார்களும் பத்து மாதம் என்றுதானே சொல்வார்கள்! இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் குரல் உடைந்த பானை ஓட்டில் பிழைத்திருக்கிறது.

நம் பக்கத்துச் சான்றுகள்

இது அயல்நாட்டு வேடிக்கை மட்டும் அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு அரசனின் பாசறையை விவரிக்கிறது. யவனர் காவல் இருக்கும் அந்தப் பாசறையில், இடைக்கச்சில் வாள் செருகிய பெண்கள் இரவெல்லாம் விளக்குகளைத் தூண்டிக் காக்கிறார்கள். அவர்கள் பேர் சொல்லப்படவில்லை.

பேர் சொல்லும் கல்லும் உண்டு. சிரவணபெளகொளாவில் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரக்கல் ஒன்று சாவியப்பே என்ற பெண்ணுக்காக நடப்பட்டது. கணவன் லோகவித்யாதரனோடு போர்க்களம் போய் உயிர்விட்டவள். குதிரைமேல் வாளை ஓங்கியபடி, யானைமேல் இருப்பவனை எதிர்த்து நிற்கிறாள். கணவன் பேர் அவளை அடையாளம் சொல்ல வருகிறது, கல் அவளுக்குத்தான். இப்படிப்பட்ட கல் அபூர்வம்.

லைன் வீடுகள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தபின், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். முதலில் தட்டிக் குடிசை, பிறகு வரிசை வரிசையாக லைன் வீடு. சிப்பாய் பாரக்ஸ் மாதிரியேதான்: ஒரே அளவு, ஒரே சுவர், வீட்டுக்கும் நம்பர், ஆளுக்கும் நம்பர். சுரங்கத்துக்குள் இறங்கியவனைப் பற்றிக் கம்பெனிப் பதிவேட்டில் வருகை உண்டு, சம்பளம் உண்டு, விபத்து உண்டு. விடியுமுன் தண்ணிக்கு வரிசையில் நின்றவள், ஷிப்ட் சங்கு ஊதும்போதெல்லாம் வாசலில் நின்று எதிர்பார்த்தவள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறாள்? 2001இல் சுரங்கம் மூடிய பிறகு, எத்தனையோ வீடுகளின் கூரை இறங்கிவிட்டது. காகிதத்தைக் கரையான் அரிக்கிறது. விண்டோலாண்டாச் சேறும் எகிப்து மணலும் நமக்கு வாய்க்கவில்லை.

அந்த மூதாட்டியின் விஷயம். அவர் கணவர் நம்பருக்கு என் தகப்பனார் தனியாகப் பக்கம் ஒதுக்கி, பதினொரு வருஷம் பற்று வரவு எழுதியிருக்கிறார். அரிசி, துவரம்பருப்பு, மண்ணெண்ணெய், நல்லெண்ணெய். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'சம்சாரம் வசம்' என்று இருக்கிறது. அவர் பேர் ஒரு இடத்தில்கூட இல்லை. கோப்டோஸ் சுங்கக்காரன் எழுதியதற்கும் என் தகப்பனார் எழுதியதற்கும் என்ன வித்தியாசம்? ஆனால் வேறொரு பக்கத்தில், லைனில் இட்லி சுட்டு விற்ற ஒரு விதவை அம்மாள் பேரில் தனிக் கணக்கு இருந்தது. கடன் தீர்ந்ததும் பக்கத்துக்குக் குறுக்கே கோடு போட்டு, அந்த அம்மாளே பேரை எழுதியிருக்கிறார், கோணல்மாணலாக. எனக்குச் செவெராவின் ஞாபகம் வந்தது.

மூதாட்டிக்கு நோட்டைக் காட்டினேன். படிக்கத் தெரியாதவர். 'சம்சாரம் வசம்' என்று வாசித்துக் காட்டியதும், அந்த வரியைத் தொட்டுப் பார்த்து, "அது நாந்தான்" என்றார். "பையை எடுத்துக்கினு வந்தது நானு. தூக்கிக்கினு போனது நானு." பிறகு ஒவ்வொரு மாசக் கணக்குக்கும் கதை சொன்னார். சாமான் கூடினால் மாமியார் வந்திருந்த மாசம். நல்லெண்ணெயும் பூண்டும் வாங்கியது பிள்ளை பெற்ற மாசம். ஒன்றுமே வாங்காதது ஸ்டிரைக் மாசம். நோட்டில் இல்லாதது அவரிடம் இருந்தது. அவருக்கு நினைவில்லாத தேதி நோட்டில் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் சான்று ஆயிற்று. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, 'சம்சாரம்' என்றால் இன்னார் என்று அவர் பேரை எழுதி, கடைக்காரன் என்ற முறையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கேட்ட இடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

அதனால் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய நோட்டு, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, மொய் எழுதிய நோட்டு எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, புகைப்படங்களின் பின்னால் பெண்களின் பேரை எழுதுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் எழுதாமல், அவர்களின் சொந்தப் பேரையும் பிறந்த ஊரையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் கடை நோட்டுகள் நாற்பத்திரண்டு இருக்கின்றன. அவற்றைச் சங்கத்து நூலகத்துக்கே கொடுத்துவிடுகிறேன். ஒரு நிபந்தனைதான். 'சம்சாரம் வசம்' என்று இருக்கும் பக்கங்களில் யாருக்காவது தம் தாய், பாட்டியின் கணக்கு தெரிந்தால், பக்கத்தில் பென்சிலால் பேரை எழுதிவிட்டுப் போகவேண்டும்.